நான்கு கோடுகள் தாங்கிய வாள்

மலையென்றும் சமவெளியென்றும் துணிந்து கூறவொண்ணாத மேட்டுநிலத்தே, குளிர்காற்றைத் தன் உடைமையாகக் கொண்டு வீற்றிருக்கும் பெங்களூர் நகரின் கீழ்த்திசையில், அல்சூர் ஏரி தன்மேற் கவிந்திருந்த வெண்பனிப் போர்வையை மெல்ல மெல்ல விலக்கிக்கொண்டிருந்தது. ஒரு கரையிலிருந்த பழங்கோயிற் கோபுரத்துப் புறாக்கள் சிறகுதறி எழ, மறுகரையிற் படைவீடுகளினின்று எக்காளம் முழங்க, அதற்கு விடைபகர்வதே போல மாதா கோயில் மணி ஒலிக்க, கீரைக்கட்டுகளைத் தலையிற் சுமந்து கன்னடமும் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சிற் கலந்து பேசிவரும் பெண்டிர் ஏரிக்கரைச் சாலையை நிறைக்க, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டின் புரட்டாசித் திங்களில் ஒரு நாள் இனிதே விடிந்தது.

அவ்வேரிக்குச் சற்றுத் தொலைவில், முன்னொரு காலத்தில் குதிரைப்படையின் கொட்டிலாய் இருந்து, குதிரைகள் நீங்கிய பின் வௌவால்களுக்கு உறைவிடமாகி, இப்போது வெள்ளையடிக்கப்பெற்றுப் புதுக்கோலம் பூண்டு நின்ற நீண்ட கட்டடமொன்றை, படிப்போரே, உங்கள் அகக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். படைக்கலக் காட்சியகம் என்று பெயர் சூட்டப்பெற்ற அது, விசயதசமியன்று மக்களுக்குத் திறக்கப்படவிருந்தது. உரிமமின்றி வாளோ வேலோ துமுக்கி எனும் துப்பாக்கியோ வைத்திருத்தல் குற்றமென்று ஆட்சியாளர் விதித்திருந்தமையால், பல்லாண்டுகளாகக் காவற்றுறையினர் பறித்துச் சேர்த்த படைக்கலங்கள் நகரத்துக் கிடங்கொன்றில் குவிந்துகிடந்தன. அவற்றை உடைத்து உலையிலிட்டு உருக்கிவிடுவதே அதுவரை வழக்கம். அவ்வாண்டோ, உருக்குவதினும் வருங்காலத்தார் கண்டு உணர வைத்தலே நன்றென்று சிலர் முயன்று வேண்ட, நாற்பது படைக்கலங்களைக் காட்சியகத்துக்குக் கொடையாக வழங்கக் காவற்றுறைக் கண்காணிப்பாளரான ஆங்கிலேயர் இசைந்தார். கொடை ஆவணத்தில் ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது: அடையாளம் ஐயுறப்படும் படைக்கலம் காட்சிக்கு ஆகாது, அஃது உலைக்கே உரியது.

அக்கிடங்கினை இருபத்துமூன்று ஆண்டுகளாகக் காத்துவந்தவர் கஸ்தூரிரங்கன் என்னும் அலுவலர். நெற்றியில் ஒற்றைத் திருமண் கோடும், இடுப்பிற் சாவிக்கொத்தும் இல்லாத கோலத்தில் அவரைக் கண்டவர் எவருமிலர். ஒவ்வொரு படைக்கலத்திலும் எண் பொறித்த தகரச்சீட்டு ஒன்றைச் சணற்கயிற்றாற் கட்டி, முடிச்சின்மேற் செவ்வரக்கு உருக்கி முத்திரையிடுவது அவர் பணி. அந்த எண்ணைப் பதிவேட்டிற் பார்த்தால், இன்ன வாள், இன்னாரிடமிருந்து, இன்ன காரணத்தாற் பறிக்கப்பட்டது என்பது விளங்கும். தைத்திங்களில் அவர் ஓய்வுபெற இருந்தார். ஒரு குறைச்சொல்லும் ஏறாத தம் பணிப்பதிவே தமக்கு மாலையென்று அவர் எண்ணியிருந்தார்.

காட்சியகத்தின் பொறுப்பாளர் சந்தானம், வரலாறு கற்ற இளைஞர், ஆர்வம் மிக்கவர், அவ்வார்வம் சிற்சில வேளைகளிற் கல்வியையும் முந்திக்கொண்டு ஓடும். படைக்கலந்தோறும் ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகிய மும்மொழியிலும் விளக்க அட்டை வைக்க விரும்பிய அவர், தமிழ் அட்டைகளை எழுதித் தருமாறு அருகிலுள்ள பெண்கள் பள்ளி ஆசிரியை பியாட்ரிசை வேண்டியிருந்தார். முத்துக் கோத்தாற்போன்ற கையெழுத்துக்கு அப்பகுதியிற் பெயர்பெற்றவள் அவள்.

அவள் அப்பணிக்கு இசைந்ததற்குக் கையெழுத்தன்றி வேறொரு காரணமும் உண்டு. அந்நாற்பதனுள் முப்பத்தொன்றாம் எண்ணுக்குரிய வாள் அவள் தந்தையுடையது. படையிற் சுபேதாராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஜெயராஜ், காய்ச்சலிற் கிடந்த ஓராண்டில் உரிமத்தைப் புதுப்பிக்கத் தவறினார். காவலர் வந்து வாளை எடுத்துச் சென்றனர். மும்முறை விண்ணப்பித்தும் அது மீளவில்லை. நான்காண்டு கழித்து அவரும் மறைந்தார். அந்த வாள் மக்கள் காணத்தக்க இடத்தில் மதிப்புடன் நிற்கப்போகிறது என்றறிந்த நாள்முதல், முப்பத்தொன்றாம் அட்டையை எழுதும் வேளையிலேயே வாளை அருகணைந்து காண்பதென்று அவள் காத்திருந்தாள். அவள் தாய் டோரதியோ, திறப்புநாளன்று உடுத்தப் பட்டுச்சேலையை இரண்டு வாரத்துக்கு முன்பே வெயிலில் உலர்த்தி மடித்து வைத்துவிட்டார்.

அன்று காலை, சாளரத்தின் ஒளிவிழும் மேசையில் அமர்ந்து ஒவ்வோர் அட்டையாக எழுதி வந்தவள் கையிற் பதினேழாம் எண்ணுக்குரிய வாசகம் வந்தது. சந்தானம் எழுதியிருந்தது இது: "வாள். ஒசூர்ச் சாலையில் வழிமறித்துக் கொள்ளையிட்ட கொடியவன் ஒருவனிடமிருந்து பறிக்கப்பட்டது. இதனால் வண்டியோட்டி ஒருவர் வெட்டுண்டு மாண்டார். வாளின் முதுகில் அவன் அரத்தாற் கீறிய நான்கு கோடுகள், அவன் கையால் மடிந்தோர் தொகையைக் குறிப்பன."

'நான்கு கோடுகள்' என்னுமிடத்தில் அவள் எழுதுகோல் நின்றது. எழுந்தாள். வாள்கள் கிடத்தப்பட்டிருந்த நெடும்பலகையருகே சென்று பதினேழாம் வாளைத் திருப்பினாள். கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் எல்லைக்குள், கூரில்லாத முதுகின்மேல், ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கோடுகள். அவற்றின்மேல் விரல் வைத்தவள், சுட்டது போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன டீச்சரம்மா, மை தீர்ந்துடுச்சா?" என்று மறுகோடியிலிருந்து கேட்டார் சந்தானம்.

"இந்த நாலு கோட்டுக்கு அர்த்தம் உங்களுக்கு யார் சார் சொன்னது?"

"ரிஜிஸ்டர்ல கொலைன்னு எழுதியிருக்கு டீச்சரம்மா."

"கொலை இருக்கு. கோடு இருக்கா?"

"கோடு இல்ல," என்றார் சந்தானம், சற்றே பெருமிதத்துடன். "கோடு நானாப் பார்த்துக் கண்டுபிடிச்சது. கொள்ளைக்காரங்க அப்படிக் கணக்கு வெச்சுக்கிற வழக்கம் உண்டு."

"அப்போ ரிஜிஸ்டர்படி செத்தது ஒருத்தர். மீதி மூணு பேரைக் கொன்னது நீங்கதான் சார்."

சந்தானம் திகைத்து அருகே வந்தார். சினமா அழுகையா என்று பிரித்தறிய இயலாத குரலில் அவள் தொடர்ந்தாள்: "முதல் கோடு எனக்குப் பத்து மாசம். தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நான் எழுந்து நின்ன ஈஸ்டர் அன்னிக்குப் போட்டது. எங்கப்பா வாளைத் தரையில நிக்க வெச்சு, பக்கத்துல என்னை நிக்க வெச்சு, தலை எது வரைக்கும் வருதுன்னு பார்த்து அரத்தால ஒரு கீறு போடுவாராம். ரெண்டாவது மாதா திருநாளைக்கு. மூணாவது கிறிஸ்மஸ்ஸுக்கு. நாலாவது அடுத்த ஈஸ்டருக்கு. அதுக்கப்புறம் கைப்பிடி வந்துடுச்சு, கீற இடமில்ல. 'வாளை மிஞ்சிட்டா என் மக'ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாராம். அந்த வாளால எங்கப்பா கிறிஸ்மஸ் கேக்கைத் தவிர வேற எதையும் வெட்டினதில்ல சார்."

"ஆனா உங்கப்பா வாள் முப்பத்தொண்ணு இல்லையா?"

இருவரும் முப்பத்தொன்றாம் வாளிடம் விரைந்தனர். ஒரே பட்டறையில் ஒரே அச்சில் வார்த்தாற்போல, பித்தளைப் பிடியிலும் நீளத்திலும் வளைவிலும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆயின் அதன் முதுகு பாலாடை போல வழுவழுவென்று இருந்தது. கோடு ஒன்றுமில்லை.

கொடைப்பொருள்களை ஒப்படைத்தமைக்குக் கையொப்பம் பெறவேண்டி நண்பகலில் வந்த கஸ்தூரிரங்கன் வாயிற்படியைத் தாண்டுமுன்னரே செய்தி அவரை எதிர்கொண்டது. அவர் பதிவேட்டை விரித்தார். இரண்டு எண்களுக்கும் எதிரே எழுதப்பட்டிருந்த அடையாளம் எழுத்துப் பிசகாமல் ஒன்றே: 'வாள் ஒன்று; பித்தளைப் பிடி; மொத்த நீளம் முப்பத்தெட்டு அங்குலம்.'

"சீட்டு இருக்கு, கயிறு இருக்கு, முத்திரை இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்மா?" என்றார் கஸ்தூரிரங்கன்.

அதற்குள் சந்தானம் உருப்பெருக்கி ஆடியால் பதினேழாம் தகரச்சீட்டை நோக்கிக்கொண்டிருந்தார். "எண்ணோட பள்ளத்துக்குள்ள மஞ்சளா என்னமோ ஒட்டிட்டிருக்கே சார்?"

"துருவா இருக்கும்."

சந்தானம் நகத்தாற் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். "துரு மணக்குமா சார்?"

அக்கணம் கஸ்தூரிரங்கனார் முகம் கதிர் மறைந்த வானம்போல் ஒளியிழந்ததை இருவருமே கண்டனர். அவரோ தம்மை ஒருவாறு திரட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். "ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் நன்னாக் கேட்டுக்கோங்கோ. சந்தேகம்னு ஒரு வார்த்தை எழுத்துல ஏறித்துன்னா அப்புறம் துரை கையில இருக்கு. ரெண்டு வாளும் உலைக்குப் போகும். சீட்டே நம்பத் தகாதுன்னு நாற்பதும் போனாலும் போகும். இந்தக் கட்டடத்துல மறுபடியும் வௌவால்தான். உங்கப்பா வாள் இருக்கணுமா வேண்டாமா?"

சந்தானம் திரும்பி நாற்பது படைக்கலங்களையும் நோக்கினார். ஈராண்டு உழைப்பு அவர் கண்முன் உலையிற் சிவந்தது. பியாட்ரிஸ் மட்டும் தலைநிமிர்ந்தாள்.

"போகட்டும் சார். உருகிப் போறதுன்னா போகட்டும். கொலைகாரன் வாளா அது நிக்க வேண்டாம். விஜயதசமிக்கு எங்கம்மா வர்றாங்க. எழுபது வயசு. காது கேட்காது, கண்ணு கழுகுக் கண்ணு. இந்தக் கோட்டைப் பார்ப்பாங்க, என் கையெழுத்தைப் படிப்பாங்க. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது? ஸ்வல்ப இருங்க, வரேன்."

வீடு மாதா கோயிலை அடுத்திருந்தமையால் அரைமணிக்குள் மீண்டு வந்தாள். கையில் அவள் தாயின் பழைய செபப்புத்தகம். கடைசித் தாளில், மங்கிய மையில், ஜெயராஜின் கையெழுத்தில் நான்கு வரிகள்: உயிர்ப்புத் திருநாள், இருபத்தேழரை அங்குலம்; மாதா திருநாள், இருபத்தொன்பதரை; கிறித்து பிறப்பு, முப்பதரை; மறு உயிர்ப்பு, முப்பத்திரண்டு. சந்தானம் அளவுநாடாவை வாளின் நுனியிலிருந்து பிடித்தார். முதற்கோடு இருபத்தேழரையில் நின்றது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என எல்லாம் மயிரிழையும் பிறழாமல், இறந்துபோன மனிதர் எழுந்துவந்து சான்று பகர்வதுபோல் அமைந்தன.

"அந்த அரக்கு என் கையால வெச்சது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று கூறிக் கஸ்தூரிரங்கன் வெளியேறினார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் முன்னது உண்மை. முழுமையாகப் பார்த்தால் அவர் வாழ்நாளிற் கூறிய முதற்பொய் அது.

அவர் இல்லத்தில் நவராத்திரிக் கொலு படிப்படியாக எழுந்து நின்றது. அவர் மனைவி கோமளம் பிற்பகல் உணவைப் பரிமாறிவிட்டு எதிரே அமர்ந்து, கணவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஒண்ணும் ஆகலேன்னா மோர் சாதத்துக்கு ஏன் மூணு தரம் உப்புப் போட்டுண்டேள்?"

அவர் இலையை நோக்கியவாறே எல்லாவற்றையும் கூறினார். ஏழாண்டுக்கு முற்பட்ட ஓர் ஆயுதபூசை நாள் இருவர் நினைவிலும் ஒருங்கே எழுந்தது. ஆண்டுதோறும் அந்நாளில், தம் காவலிலுள்ள படைக்கலங்களை எண்ணெயிட்டுத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டுக் கற்பூரம் காட்டுவது கஸ்தூரிரங்கனார் வழக்கம். கொலைகாரனுடையதோ காவலனுடையதோ, கருவி கருவியே என்பது அவர் கொள்கை. அவ்வாண்டு மழையிற் கூரை ஒழுகிக் கயிறுகள் நைந்து, வாள்களிற் செந்துரு படர்ந்திருந்தது. மேலலுவலர் ஒருவர் முன்னிலையிலன்றிக் கயிற்றை அவிழ்த்தலாகாது என்பது விதி. அவரோ, பூசை நாளிற் படைக்கலம் துருவோடு இருக்கலாகாதென்று தாமே அனைத்தையும் அவிழ்த்து, செங்கற்பொடியால் தேய்த்து, வாழையிலைகளில் வரிசையாகக் கிடத்தி, அதனதன் சீட்டை அதனதன் முன்னே வைத்தார். அப்போது கோமளம் ஒரு தட்டை எடுத்துவந்து, சீட்டுகளையெல்லாம் அள்ளி அதிலிட்டுவிட்டார்.

"தட்டுல எடுத்துப் போட்டது நான்," என்றார் கோமளம். "'வாளுக்கு மட்டும் போறும்டி'ன்னுதான் நீங்க சொன்னேள். 'அந்தச் சீட்டும் உங்களுக்கு ஆயுதம்தானே, அதுக்கு மட்டும் பொட்டு இல்லையா'ன்னு நான்தான் எல்லாத்துக்கும் சந்தனம் இட்டேன்."

"நீ இட்டே. திரும்பக் கட்டினது நான். ரிஜிஸ்டரைப் பார்த்து மத்ததையெல்லாம் கட்டிட்டேன். இந்த ரெண்டுதான் ஒண்ணு போலவே இருந்தது. இதுதான் அதுன்னு நினைச்சேன்."

"தெரிஞ்சுண்டு கட்டினேளா, நினைச்சுண்டு கட்டினேளா?"

அவர் இலையை மடித்தார்.

"இருபத்திமூணு வருஷம் கோமளம். ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னும் மூணு மாசம்."

"உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சரி. அந்தப் பொண்ணோட அப்பாவை ஊரே சொல்லப் போறதே? அவர் பேசாம செத்துப் போயிட்டார், எழுந்து வந்து கேக்க மாட்டார்ங்கற தைரியமா?"

"உலைக்குப் போயிடுமேடி எல்லாம்!"

"போகாம இருக்க வழி உண்டான்னு கேளுங்கோ. அதைக் கேக்கறதுக்கும் முதல்ல நிஜத்தைச் சொல்லணுமோன்னோ? நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்."

"துரைக்குத் தமிழ் தெரியாது."

"சந்தனம் தெரியுமோன்னோ? தட்டோட போய் நிக்கறேன்."

மறுநாட் காலை கண்காணிப்பாளர் காட்சியகத்தைப் பார்வையிட வந்தபோது, வாயிலில் ஒரு குதிரைவண்டி நின்றது. அதிலிருந்து கஸ்தூரிரங்கனும், அவர் பின்னே துணியால் மூடிய பித்தளைத் தட்டைச் சிறு குழந்தைபோல் ஏந்திய கோமளமும் இறங்கினர். தாம் செய்ததையும் மறைத்ததையும் ஒன்றுவிடாமல், நேர்நின்று, அவ்வலுவலரின் மொழியிலேயே கஸ்தூரிரங்கன் கூறினார். அவர் குரல் ஓரிடத்திலும் நடுங்கவில்லை. கேட்டுநின்ற வெள்ளையர் முகம் இறுகியது. சீட்டுகள் அவிழ்க்கப்பட்டன என்றால் அவற்றை எங்ஙனம் நம்புவது, எல்லாம் உலைக்கே போகட்டும் என்று கூறியவர், ஏதோ நினைத்தவராய், தகரச்சீட்டுக்கு எதற்காகச் சந்தனம் என்று கேட்டார். சந்தானம் அதைக் கோமளத்துக்கு மொழிபெயர்த்தார்.

"வருஷம் பூரா அவருக்குச் சோறு போட்டது அந்தச் சீட்டுதானே?" என்றார் கோமளம். "கத்திக்கு மரியாதை பண்ணிட்டு அதை விட்டுட்டா நன்னாவா இருக்கும்? துரையோட தொப்பிக்குக்கூட இட்டுவிடுவோம், அவர் சரின்னா."

பின்பகுதியைச் சந்தானம் மொழிபெயர்க்காமல் விழுங்க முயன்றார். வெள்ளையரோ அதையும் சொல்லுமாறு பணித்தார். அவர் மீசை சற்றே அசைந்தது. பிறகு, சந்தானம் துணிந்து முன்வந்து, நாற்பது படைக்கலங்களையும் பதிவேட்டோடு அவர் கண்ணெதிரிலேயே ஒப்புநோக்க இசைவு வேண்டினார். நண்பகல்வரை அது நிகழ்ந்தது. வேலின் முறிந்த முனை, துமுக்கியின் விரிசல்விட்ட கட்டை, கட்டாரியின் யானைமுகப் பிடி என்று முப்பத்தெட்டும் தத்தம் குறிப்போடு ஐயத்துக்கிடமின்றிப் பொருந்தின. வேறு கிடங்குகளில் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த குவியல்களைக் கண்டு பழகிய அவ்வலுவலர், இவை புதுநீரிற் குளித்தெழுந்தவைபோல் மின்னுவதையும் கண்டார். எஞ்சியவை இரண்டு வாள்கள்.

செபப்புத்தகம் அவர் கையில் வைக்கப்பட்டது. அளவுநாடாவைச் சந்தானத்திடமிருந்து தாமே வாங்கி, தரையில் முழந்தாளிட்டு, நான்கு கோடுகளையும் தாமே அளந்தார். அளந்தபின் அவர் உடனே எழவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது அகவை என்னவென்று கேட்டார்.

"முப்பத்தாறு, சார்," என்றாள் பியாட்ரிஸ்.

அவர் எழுந்து, இரு சீட்டுகளையும் இடம்மாற்றிக் கட்டும்படி கூறிக் கையொப்பமிட்டார். கொடை நிலைத்தது. ஆயின் விதியை மீறியவருக்கு விதி தன் கடமையைச் செய்தே தீரவேண்டுமன்றோ! கஸ்தூரிரங்கன் சாவிக்கொத்தையும் முத்திரையையும் அன்றே ஒப்படைக்க வேண்டும். தைத்திங்களில் நடக்கவிருந்த வழியனுப்பு விழா நடவாது. பணிப்பதிவிற் குறை எழுதப்படும். அவர் சாவிக்கொத்தை இடுப்பினின்று கழற்றி மேசைமேல் வைத்தார். இருபத்துமூன்றாண்டுகள் அது உராய்ந்த இடத்தில் வேட்டி வெளிறியிருந்தது. கோமளம் அவ்விடத்தைப் பார்த்து, பின் வேறுபுறம் திரும்பிக்கொண்டார்.

புறப்படுமுன் கண்காணிப்பாளர் பியாட்ரிசை நோக்கி, அவ்வாளின்மேலிருந்த குற்றம் உரிமம் காலந்தவறியது ஒன்றே என்பதால், அவள் விண்ணப்பித்தால் வீட்டுக்கு எடுத்துச்செல்லத் தடையில்லை என்றார். பதின்மூன்றாண்டு ஏங்கிய பேறு எதிர்பாரா வேளையில் கைக்கெட்டியபோது அவள் திகைத்து நின்றாள். மறுமொழிக்கு ஒருநாள் தவணை கேட்டு வீடு சென்று, தாயின் காதருகே உரக்கக் கூவி எல்லாவற்றையும் கூறினாள்.

"வீட்டுக்கு எதுக்குடி?" என்றார் டோரதி. "கேக்கு வெட்டக் கத்தி இருக்கு. உனக்கு இனிமே வளர இடமில்ல. அங்கேயே இருக்கட்டும், நாலு பேர் பார்க்கட்டும். ஆனா பிடுங்கிட்டுப் போன சாமானா இருக்கக்கூடாது. நாம குடுத்ததா இருக்கணும். எழுதி வாங்கிக்க."

அங்ஙனமே எழுதி வாங்கப்பட்டது. பறிபொருளாய் உள்நுழைந்த வாள் கொடைப்பொருளாயிற்று. பியாட்ரிஸ் வேண்டியது ஒன்றே: "மத்ததை எல்லாம் படுக்க வைங்க சார். இதை மட்டும் நிக்க வைங்க, நுனி தரையைத் தொடுற மாதிரி."

அட்டைகளைத் திருத்தி எழுத அமர்ந்தவள், பதினேழாம் எண்ணில் மீண்டும் எழுதுகோலை நிறுத்தினாள். "செத்துப்போன வண்டிக்காரருக்குப் பேர் இல்லையா சார்?"

சந்தானம் நாணத்துடன் பதிவேட்டைப் புரட்டினார். கொன்றவன் பெயரைத் தேடிய கண்களுக்கு அன்றுவரை புலப்படாத பெயர் அதே வரியில் இருந்தது: முனியப்பா. அட்டையில் அப்பெயர் ஏறியது. முப்பத்தொன்றாம் அட்டைக்கு வந்தபோது, வாயிலருகே தயங்கி நின்ற கஸ்தூரிரங்கன் உள்ளே வந்தார்.

"சீட்டு மாறினதையும் எழுதுங்கோம்மா."

"எதுக்கு சார் அதெல்லாம்? உங்க பேரு இதுல வேண்டாம்."

"என் பேர்தான் வேணும். பின்னால எவனாவது ரிஜிஸ்டரைப் பார்த்துட்டு மறுபடி மாத்திக் கட்டிடுவான். யார் பண்ணின தப்புன்னு எழுதியிருந்தா, திருத்தினது நிஜம்னு தெரியும்."

திறப்புக்கு முந்தைய நாள் ஆயுதபூசை. சாவியில்லாத இடுப்போடு கஸ்தூரிரங்கனும், தட்டோடு கோமளமும் சந்தானத்தின் அழைப்பை ஏற்று வந்தனர். இம்முறை மறைவில்லை, கதவுகள் திறந்திருந்தன. நாற்பது படைக்கலங்களுக்கும் பொட்டிட்டு முடித்த கோமளம், பியாட்ரிசின் பக்கம் திரும்பிக் கைகளை உயர்த்திக் காட்டினார். "பார்த்துக்கோடிம்மா, சீட்டு ஒண்ணுமேல கை படல. அப்புறம் என்னைச் சொல்லாதே." பூசையின் முறையறியாத அந்த மாதா கோயில் மகள், அன்றுதான் முதன்முறையாக வாய்விட்டு நகைத்தாள், வைத்த சுண்டலையும் இரண்டுமுறை கேட்டு வாங்கினாள்.

மறுநாள் விசயதசமி. ஏரிக்காற்று பொன்வெயிலைச் சுமந்துவர, பழைய குதிரைக் கொட்டிலின் வாயில் மக்களுக்குத் திறந்தது. பட்டுடுத்த டோரதி, மகள் கைப்பற்றி, வேறெதையும் ஏறிட்டுப் பாராமல் நேரே முப்பத்தொன்றாம் கண்ணாடிப் பேழையின்முன் வந்து நின்றார். வாள் நின்றுகொண்டிருந்தது. அருகே முத்தனைய எழுத்தில் அட்டை:

"சுபேதார் ஜெயராஜின் வாள். இதன் முதுகிலுள்ள நான்கு கோடுகள், அவர் மகள் பத்துத் திங்கள் முதல் இருபத்திரண்டு திங்கள் வரை வளர்ந்த உயரத்தைக் காட்டுவன. ஏழாண்டுகள் இவ்வாள் பிறிதொரு வாளின் எண்ணைத் தவறாகச் சுமந்தது. கிடங்குக் காவலர் கஸ்தூரிரங்கன் தம் பிழையைத் தாமே முன்வந்து உரைத்தமையால் அது திருத்தப்பெற்றது. கொடை: மகள் பியாட்ரிஸ்."

டோரதி அதை இருமுறை படித்தார். பின் ஊரெல்லாம் கேட்கும் குரலில், "மூணாவது கோடு போடறப்போ இவ குதிகாலைத் தூக்கிக்கிட்டு எக்கி நின்னா. அரை அங்குலம் கள்ளக்கணக்கு அதுல இருக்கு!" என்றார். சுற்றி நின்றோர் சிரித்தனர். சற்று விலகித் தூணருகே நின்ற கஸ்தூரிரங்கனைக் கண்டு அம்மூதாட்டி கைகூப்பினார். அவரும் கூப்பினார்.

அந்நேரம், பொம்மனஹள்ளியிலிருந்து வந்த உழவன் மனைவி ஒருத்தி, அட்டையைப் பிறர் படிக்கக் கேட்டு, இடுப்பிலிருந்த குழந்தையை இறக்கிக் கண்ணாடியோடு சேர்த்து நிறுத்தினாள். தள்ளாடிய அம்மகவின் உச்சி முதற்கோட்டுக்கு நேராக வந்தது. அவள் களிப்பாற் கூவினாள். அவளைக் கண்டு மற்றொருத்தி தன் பிள்ளையைக் கொணர்ந்தாள், அவளுக்குப்பின் மற்றொருத்தி. மாலைக்குள் அக்கண்ணாடியின் கீழ்ப்பாகமெங்கும் சிறுகைகளின் சுவடு படிந்து மங்கிற்று. துடைக்க வந்த பணியாளைச் சந்தானம் தடுத்துவிட்டார்.

வெட்டுதற்கென்று வார்க்கப்பெற்று, ஆணையால் பறிக்கப்பெற்று, பிழையால் பழிசுமந்து, ஒருவர் வாய்திறந்தமையால் மீண்ட அவ்விரும்பு, அந்திப்பொழுதின் செவ்வொளியில் நிமிர்ந்து நின்றது. இனி அதற்கு உறையில்லை, போரில்லை, பகையில்லை. எந்நாளும் வளர்ந்துகொண்டே வரும் ஊர்க்குழந்தைகளுக்கு அருகே அசையாது நின்று, அவர்கள் தன்னை மிஞ்சும் நாளுக்காகக் காத்திருக்கும் பணி ஒன்றே எஞ்சியது.